கொண்டி கழற்றிய கதவு

மொள்ளுகிற சத்தம் கேட்டது. ஊற்றுகிற சத்தம் கேட்கவில்லை. குளியலறைக்கு வெளியே நடைவழியில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கணினியோடு உட்கார்ந்திருந்த கோமதிநாயகம் தட்டச்சு செய்துகொண்டிருந்த விரல்களை அந்தரத்தில் நிறுத்தினான். ஜெர்மனியிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்த இந்தச் சில மாதங்களில் அம்மா குளிக்கிற சத்தங்களின் வரிசை அவனுக்கு அத்துப்படியாகியிருந்தது. முதலில் பித்தளைச் செம்பு வாளியின் விளிம்பில் ஒரு தட்டு தட்டும், பிறகு தண்ணீருக்குள் முங்கும், பிறகு ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இருக்காது, அந்த நேரத்தில்தான் செம்பு மேலே போகிறது, அதற்கப்புறம் தலையிலிருந்து தரைக்குத் தண்ணீர் சளசளவென்று விழும், அம்மா ‘முருகா’ என்பாள். இப்போது தட்டியது, முங்கியது, மூச்சு நேரமும் வந்தது, விழ வேண்டியது மட்டும் விழவில்லை, முருகனும் வரவில்லை. கூப்பிடலாமா என்று நினைத்தான். கூப்பிட்டால் கோபம் வரும். போன வாரம் இந்த வழியாகப் போகும்போது கூப்பிட்டதற்கு, பொம்பள குளிக்கிற இடத்துல காவக்காரன் மாதிரி நின்னுக்கிட்டு என்னல சத்தம் என்று உள்ளேயிருந்தே வைதாள். வழக்கமாக இந்த நாற்காலியில் இருக்க வேண்டியவள் ஜெயசீலி. காலையில் வந்து அம்மாவைக் கவனித்துவிட்டு மாலையில் போகிறவள். தலைக்கு அம்மாவேதான் ஊற்றிக்கொள்வாள், முதுகு தேய்க்க மட்டும் ஜெயசீலியை உள்ளே கூப்பிடுவாள். மகளுக்கு வளைகாப்பு என்று ஜெயசீலி இன்றைக்கு ஒருநாள் வரவில்லை. நாளைக்குக் குளிச்சுக்கிடலாம்மா என்று அவன் நேற்றே சொல்லிப் பார்த்தான். வெள்ளிக்கிழமை தலைக்கு ஊத்தாம இருக்க நான் என்ன செத்தா போனேன் என்று அம்மா சண்முகவடிவு ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். காலையில் எழுந்து நல்லெண்ணெயை மிளகு போட்டுக் காய்ச்சி, உச்சியில் வைத்து, கையிலும் காலிலும் தடவி, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனாள். போன வழியெல்லாம் மொசைக் தரையில் எண்ணெய்ப் பாதம் பாதமாகப் பளபளத்துக் கிடந்தது, ஒன்றின் குதிகால் தேய்ந்து, அடுத்ததன் விரல்கள் இழுபட்டு. அந்தப் பாதங்கள் கதவுக்கடியில் போய் முடிந்தன.

இனிவரும் ஆய்வுகள் கவனம் செலுத்த வேண்டியது. திரையில் வாக்கியம் அதற்கு மேல் நகராமல் நின்றது. நேற்றும் அங்கேதான் நின்றது. கடைசிப் பத்தி மட்டும்தான் பாக்கி, உங்கள் பார்வையில் இந்தத் துறை எந்தத் திசையில் போக வேண்டும் என்று நாலு வரி எழுதுங்கள் போதும் என்று ஜெர்மனியின் பிரேமன் நகரத்திலிருந்து ஆய்விதழின் ஆசிரியர் அம்மாள் மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தாள். கட்டுரை, நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைப் பற்றி இதுவரை வந்த ஆய்வுகளின் போக்கு. தானாக எழவும் குளிக்கவும் உண்ணவும் முடியாமல் போகப் போகிறவர்களுக்காக, அவர்கள் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாடு சேர்த்துவைக்கிற ஏற்பாடு. ஜெர்மனியில் தொண்ணூறுகளின் நடுவில் வந்தது, ஜப்பானில் இரண்டாயிரத்தில், பிறகு கொரியாவில், பிறகு சீனத்தின் சில நகரங்களில். ஆயிரக்கணக்கில் கட்டுரைகள். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று கணினியிடம் சொல்லி ஒரு வரைபடம் போட வைத்திருந்தான், புள்ளிகளும் நூல்களுமாகப் பெரிய சிலந்திக் கூடு மாதிரி. நடுவில் நீல உருண்டையாக நிதி, செலவு, பங்களிப்பு. பக்கத்தில் பச்சையாகப் பணியாளர் பற்றாக்குறை. பழுப்பாகக் குடும்பச் சுமை. போன சில வருஷங்களில் மஞ்சளாக முளைத்தவை முன்கணிப்பு, உணர்கருவி, ரோபோ. மஞ்சள்தான் எதிர்காலம் என்று யாரும் படத்தைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள், அவனும் அப்படித்தான் எழுதப் போகிறான். குளியல் என்பது தென்மேற்கு மூலையில் கடுகளவு புள்ளி, ஒரே ஒரு நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்கம் என்ற சொல் படத்திலேயே இல்லை. அதை அவன் தேடவும் இல்லை, இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தேடத் தோன்றியது, தேடினால் எந்த நிறத்தில் வரும் என்று ஒரு நொடி யோசித்தான். செம்பு மறுபடி விளிம்பில் தட்டியது. முங்கியது. மூச்சு நேரம். அப்புறம் ஒரு சத்தம் வந்தது, ஆனால் அது தலையிலிருந்து விழுகிற சத்தமில்லை, தண்ணீருக்குள்ளேயே தண்ணீர் திரும்பி விழுகிற சத்தம், வாளிக்குள் கொட்டிவிட்ட மாதிரி. மொண்டதை ஏன் வாளியிலேயே ஊற்றுகிறாள்.

முதலில் போவது குளியல்தான். இது அவன் வகுப்பில் மாணவர்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்தது. மனிதனிடமிருந்து ஒவ்வொரு திறனாகக் கழன்று போகும்போது முதலில் குளியல், பிறகு உடுத்துவது, பிறகு கழிப்பறை, பிறகு படுக்கையிலிருந்து எழுவது, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கையிலெடுத்து வாயில் வைப்பது. குழந்தை கற்றுக்கொண்ட வரிசைக்குத் தலைகீழாக. கரும்பலகையில் ஏணி போல வரைந்து, இந்தப் படியில் இருப்பவருக்கு அரசாங்கம் இவ்வளவு மணி நேர உதவி தரும் என்று அடைப்புக்குறி போட்டுக் காட்டுவான். யாரும் கேள்வி கேட்டதில்லை. அவனுக்கே அப்போது கேள்வி இருந்ததில்லை, ஏனென்றால் அவன் அந்த ஏணியைக் கையால் தொட்டவன். படிக்கப் போன முதல் வருஷம் கைச்செலவுக்காக ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலை. எத்தனை முதுகுகள் தேய்த்திருக்கிறான். வெள்ளை வெளேரென்று, நீல நரம்போடிய, மச்சம் மச்சமாகப் புள்ளி விழுந்த முதுகுகள். லினெமான் என்று ஒரு கிழவி, கப்பல்காரனின் விதவை, முதல் நாளே அவன் தொட்டதும் தோளைக் குறுக்கிக்கொண்டு, கை ஐஸாக இருக்கிறது தம்பி, போய்ச் சூடாக்கிக்கொண்டு வா, நான் எங்கேயும் ஓடிப்போய்விட மாட்டேன் என்றாள். அன்றிலிருந்து வெந்நீர்க் குழாயில் கையைக் காட்டிவிட்டுத்தான் யாரையும் தொடுவான். அவளுக்கும் வெட்கமில்லை, அவனுக்கும் இல்லை. ஜெர்மன் மொழியில் அக்குள் என்றால் அக்குள், தொடை என்றால் தொடை. பாடப் புத்தகத்தில் படம் போட்டுப் படித்த சொற்கள், யாரும் அவற்றைக் கேட்டு அவன் வாயில் அடித்ததில்லை. தமிழில் அந்தச் சொற்களை அம்மாவுக்கு முன்னால் எடுக்க முடியாது. ஊரானைப் பெற்ற தாய்களை எல்லாம் குளிப்பாட்டி, துவட்டி, பவுடர் போட்டு, சன்னலோரம் உட்காரவைத்துவிட்டு வந்தவன் இங்கே ஒரு கதவுக்கு வெளியே, சத்தத்தை வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பது உயிரா உடம்பா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். செம்பு தட்டவில்லை. கணினியின் விசிறி மட்டும் மெல்ல இரைந்தது. அதை அணைத்தால் நன்றாகக் கேட்கும் என்று மூடினான். விசிறி நின்றது, பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டது, உள்ளே எதுவும் கேட்கவில்லை.

கதவைத் தள்ளினால் திறந்துவிடும். அதற்காகத்தானே அந்த வேலையைச் செய்தான். முதியவர் வீட்டில் குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் கூடாது, உலகத்தில் எந்த வழிகாட்டியை எடுத்தாலும் முதல் பக்கத்தில் இருக்கும், அவனே இரண்டு வழிகாட்டிகள் எழுதியவன். போன மாதம் அம்மா மத்தியானம் கண்ணயர்ந்திருந்தபோது திருப்புளியை எடுத்து உள்பக்கக் கொண்டியைக் கழற்றினான். சுவரில் வழுக்காத கைப்பிடி பொருத்தினான், குளிக்கும்போது உட்காரக் காலுக்குக் கால் ரப்பர் வைத்த முக்காலி வாங்கிப் போட்டான், பித்தளைச் செம்பு கனக்கிறது என்று காற்றாய் இருக்கிற ஒரு பிளாஸ்டிக் கப்பும் வாங்கினான். அம்மா எழுந்து போய்ப் பார்த்தாள். கொண்டி இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் கதவின் இந்தப் பக்கம் வரை வந்திருந்தன. மறுநாள் பார்த்தால் ஒவ்வொரு ஓட்டையிலும் விளக்குத் திரிப் பஞ்சை உருட்டி உருட்டி அடைத்திருந்தாள். கைப்பிடியில் பாவாடை காய்ந்தது. கப்பைப் பார்த்து, கக்கூசுக்கு வைக்கிறதத் தலைக்கு ஊத்தச் சொல்லுதியா என்றாள். கொண்டியைப் பற்றி அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில்தான் வந்தது, அதுவும் தட்டைப் பார்த்துக்கொண்டே: “ஏல, அதக் கழத்துனவன் வாசக் கதவுக் கொண்டிய மட்டும் எதுக்கு விட்டு வச்சிருக்க? அதையும் கழத்திரு. தெருவே வந்து பாத்துட்டுப் போகட்டும்.” அவன் விளக்க ஆரம்பித்தான். விழுந்தால், மயங்கினால், உடனே உள்ளே வர. அவள் ரசத்தை உறிஞ்சிவிட்டு, ஜெர்மனியில மனுசங்க கதவே இல்லாமத்தான் குளிப்பாகளோ என்று கேட்டாள். கிண்டல்தான், ஆனால் அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். லினெமான் கிழவியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால், முன்பின் தெரியாத ஒரு பொம்பளையை நீ குளிப்பாட்டினாயா என்று கேட்பாள், அதற்கப்புறம் அவன் முகத்தையே வேறு மாதிரிப் பார்ப்பாள். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் கதவைப் பற்றிப் பேசவே இல்லை, பழகிவிட்டது என்று நினைத்தான். பயனாளிகள் மாற்றங்களுக்குச் சில வாரங்களில் பழகிவிடுகிறார்கள். இதுவும் அவன் எழுதிய வாக்கியம்தான்.

கைப்பேசி அதிர்ந்தது. ஓசூரிலிருந்து தங்கச்சி மங்கை. குளிச்சாச்சா என்று கேட்டாள். உள்ளே இருக்கிறாள் என்றான். தனியாவா என்றாள். ம் என்றான். எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிட வேண்டியதுதானே என்றாள், டீச்சர் பள்ளிக்கூடம் போயிருப்பார் என்றான். அப்படியே இருந்தாலும் டீச்சரைக் கூப்பிட்டால் அம்மா அவனோடு பேசுவதையே நிறுத்திவிடுவாள், ஊர்க்காரிக்கு முன்னால் அம்மணமாக உட்கார்வதற்கு விழுந்து கிடப்பதே மேல் என்று நினைக்கிறவள். இது மங்கைக்கும் தெரியும். நான் அங்க இருந்தா என்று ஆரம்பித்தவள் அதை முடிக்கவில்லை. ஓசூரில் அவளுக்குப் படுக்கையில் கிடக்கிற மாமனார் இருக்கிறார், அவரை அவள்தான் பார்க்கிறாள், அந்த மனிதருக்கும் கூச்சம் இருக்கும், அதை யார் கேட்டார்கள். அம்மாவப் பாத்துக்கோண்ணே என்று சொல்லிவிட்டு வைத்தாள். அவனுடைய பழைய ஆய்வொன்றில் மகள் உண்டா என்று ஒரு கட்டம், மகன் உண்டா என்று ஒரு கட்டம். ஏழாயிரமோ எட்டாயிரமோ குடும்பங்களின் தகவல். மகள் இருக்கிற வீட்டில் தாய் முதியோர் இல்லத்துக்குப் போவது தள்ளிப்போகிறது. மகன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மகன்களின் இருப்பு முடிவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் ஏற்படுத்தவில்லை என்று எழுதிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் நண்பர்களோடு பீர் குடிக்கப் போனான். நண்பர்கள் சிரித்தார்கள். உன் அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஒருத்தன் கேட்டான். ஒரு மகன், ஒரு மகள் என்றான். அப்படியானால் ஒன்று என்றான் கேட்டவன். அது நல்ல நகைச்சுவைதான். இப்போது நினைத்தாலும் லேசாகச் சிரிப்பு வந்தது, வந்தபோதே நின்றது, உள்ளே இன்னும் சத்தமில்லை, மங்கையோடு பேசிய நேரத்தில் ஏதாவது விழுந்திருந்தால், அவன் பேச்சே அதை மூடியிருக்கும்.

எழுந்து போய்க் கதவருகில் நின்றான். கதவுக்கடியிலிருந்த இடைவெளியில் மெல்லியதாகத் தண்ணீர் கசிந்து வந்தது, மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது, வானவில் நிறத்தில், சீயக்காய்த் தூளின் பழுப்பு ஓரத்தோடு. சீயக்காய் வந்துவிட்டது, அப்படியென்றால் தேய்த்துவிட்டாள், இனி அலசத்தான் வேண்டும். அம்மா என்றான், மெதுவாக. பதில் இல்லை. குளிக்கும்போது கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டாள், எப்போதும் அப்படித்தான், எனவே பதில் இல்லாதது நல்லது என்றும் எடுத்துக்கொள்ளலாம். இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளங்கையைக் கதவில் வைத்தான். தள்ளவில்லை, வைத்தான், அவ்வளவுதான், பிறகு ஒரு தாளைத் தள்ளுகிற அளவுக்குத் தள்ளினான். கதவு நூலளவு உள்ளே போய், எதன்மீதோ முட்டி, மெத்தென்று திரும்பி வந்தது. சுவரில் முட்டினால் டக்கென்று நிற்கும், வாளியில் முட்டினால் கரகரவென்று நகரும். இது இரண்டும் இல்லை. இதில் சூடு இருந்தது என்று அவனுக்குத் தோன்றியது, பிளாஸ்டிக் கதவில் சூடு எப்படித் தெரியும், தெரியாது, ஆனாலும் தெரிந்தது. குனிந்து கீழே பார்த்தான். இடைவெளியில் ரப்பர் போட்ட முக்காலியின் இரண்டு கால்கள், கதவை ஒட்டி. அவன் சுவரோரம் கைப்பிடிக்குக் கீழே போட்ட முக்காலி. அவள் அதை இழுத்துவந்து கதவில் சாத்தி, அதில் உட்கார்ந்து, முதுகைக் கதவுக்குக் கொடுத்துக் குளிக்கிறாள். இன்றைக்கு மட்டுமில்லை. கொண்டி போன நாளிலிருந்து. அதனால்தான் முதுகு தேய்க்கக் கூப்பிடும்போதெல்லாம் ஜெயசீலி கதவருகில் கொஞ்சம் நின்று காத்திருந்துவிட்டு உள்ளே போனாள், ஜெயசீலிக்குத் தெரியும், சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லியிருப்பாள். அவன் கழற்றியது இரும்புக் கொண்டி. அவள் தன் முதுகையே கொண்டியாகப் போட்டுவிட்டாள்.

கையை எடுத்துக்கொண்டான். உள்பக்கமாகத் திறக்கிற கதவு. அதையும் அவன் எழுதியிருக்கிறான், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொள்வார் என்று, இங்கே கதவு நிலையை மாற்றக் கொத்தனார் வர வேண்டும், தூசி அம்மாவுக்கு ஆகாது, கொண்டியைக் கழற்றினால் இப்போதைக்குப் போதும் என்று தள்ளிப்போட்டான். இப்போது தள்ளினால் அவள் விழுவாள். தள்ளாவிட்டால் விழுந்தாளா என்று தெரியாது. அவள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாளா, சரிந்து கிடக்கிறாளா, இரண்டுக்கும் கதவில் ஒரே கனம்தானே. மஞ்சள் புள்ளிகளில் ஒன்று நினைவுக்கு வந்தது, தரையில் பதிக்கிற உணர்கருவி, விழுந்தால் தெரிவிக்கும், தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம் சரியாகச் சொல்லும் என்று எழுதியிருந்தார்கள், விழாமல் உட்கார்ந்திருக்கிறவளைப் பற்றி அது என்ன சொல்லும். மூச்சுக் கேட்கிறதா என்று கதவில் காதை வைத்தான். தன் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான், ஈரம் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் ஏறியது, முதுகைக் கதவில் சாய்க்கப்போய், சாய்த்தால் அந்தக் கனம் அவளைத் தள்ளுமோ என்று பயந்து, சாயாமல், விரற்கடை இடைவெளி விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். வாதம் வந்து கிடந்த கடைசி இரண்டு வருஷம் அப்பாவை இதே அறையில் இவள்தான் குளிப்பாட்டினாள். அப்போது கதவைச் சாத்தியதே இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருப்பார், கையைத் தூக்குங்க, திரும்புங்க என்று அம்மாவின் குரல் கேட்கும். அப்பாவுக்கும் கதவு வேண்டியிருந்திருக்கும். கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்கு வாய் இருக்கிறது, அதனால் அவள் முதுகைக் கொடுத்திருக்கிறாள், அப்பாவைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறாளோ என்னவோ. அதற்கும் முன்னால், ரயில்வே லைன் வீட்டில் குடியிருந்தபோது, குழாயடிச் சிமெண்டுத் தரையில் அவனை நிற்கவைத்துத் தலையில் சீயக்காயை அரக்கி அரக்கித் தேய்ப்பாள். கண்ண மூடு. மூடு. தொறந்தியோ எனக்குத் தெரியும். அவன் ஒவ்வொரு தடவையும் திறப்பான். எதையும் பார்க்க இல்லை, அந்தக் காந்தலிலும் அவள் அங்கேதான் நிற்கிறாளா என்று பார்த்துக்கொள்ள. இனிவரும் ஆய்வுகள். இனிவரும் ஆய்வுகள் கவனம் செலுத்த வேண்டியது.

“ஏல.”

குரல் காதுக்குப் பின்னாலேயே வந்தது, தோளுக்கு மேல், இவ்வளவு பக்கத்தில் அம்மாவின் குரலை அவன் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். இருக்கேம்மா என்றான்.

“கை ஏற மாட்டேங்கு.”

எந்தக் கை என்று கேட்டான். கேட்டதுமே தன்மேல் வெறுப்பு வந்தது, வலமா இடமா, எவ்வளவு உயரம் வரை என்று காப்பீட்டு மதிப்பீட்டுக்கு வருகிறவன் கேட்கிற கேள்வி. எந்தக் கைன்னா என்னல, செம்பு பிடிக்கிற கை என்றாள். மொள்ளுகிறாளாம், தோள் வரைக்கும் வருகிறதாம், அதற்கு மேல் போக மாட்டேன் என்று நிற்கிறதாம், திரும்ப வாளியிலேயே விட வேண்டியிருக்கிறதாம். குனிந்து தலையை வாளிக்குள் விட்டுப் பார்த்தாளாம், இடுப்பு விடவில்லை. குற்றம் சொல்கிற குரல் இல்லை, வேலைக்கு வராத ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலக் கையைப் பற்றிச் சொன்னாள். அவன் பிளாஸ்டிக் கப்பைப் பற்றி நினைத்தான், சொல்லவில்லை. நான் வரட்டாம்மா என்று கேட்பதற்குள் நாக்கு இரண்டு தரம் புரண்டது. செம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வாளிக்குள் விழுவது இப்போது தெளிவாகக் கேட்டது. ஜெயசீலி எப்ப வருவா என்றாள் அம்மா. நாளைக்கு என்றான். நாளைக்கு வரைக்கும் இப்படியே உக்காந்திருந்தா தலையில சீயக்காய் மரமே முளைச்சிரும் என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. அவனும் சிரிக்க முயன்றான். தண்ணீர் ஆறியிருக்கும், அவளுக்குக் குளிர ஆரம்பித்திருக்கும், கதவில் மிக லேசாக ஒரு நடுக்கம் தெரிந்தது, அது அவளுடையதா, தன்னுடையதா.

“கண்ண மூடிக்கிடுவியா?”

“மூடிக்கிடுதேம்மா.”

“தொறந்தியோ எனக்குத் தெரியும்.” கொஞ்சம் நிறுத்தி, தனக்கே சொல்லிக்கொள்வது போல, “நானும் மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். சீயக்காய் கண்ணுல ஏறிட்டு. காந்துது. எனக்கும் ஒண்ணும் தெரியாது. வாய்யா,” என்றாள்.

முக்காலி நகர்கிற சத்தம், இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. அவன் எழுந்து கதவுக்கு இந்தப் பக்கமே கண்ணை மூடிக்கொண்டான், கதவைத் தொடுவதற்கு முன்னாலேயே, ஏதோ அதுவும் கணக்கில் சேரும் என்பது போல. சாரத்தில் கையைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டான். கதவு எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போனது, அந்த லேசே பயமாக இருந்தது. ஈரமும் மிளகெண்ணெயும் சீயக்காயுமாக வாடை முகத்தில் அடித்தது. வழுக்கும் தரை, எண்ணெய், இரண்டு பேர், பார்வை இல்லை. எந்த வழிகாட்டியிலும் இதற்குப் பக்கம் கிடையாது. பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து வைத்தான், இடது கால் ஒரு தரம் வழுக்கியது, கையை நீட்டினான், ஈரத்துணி தட்டுப்பட்டது, அவள் என்று நினைத்து உடம்பு முழுக்க விறைத்து, பிறகு கைப்பிடியில் தொங்குகிற பாவாடை என்று புரிந்து விட்டான். இங்ஙன என்றாள். குரல் கீழேயிருந்து வந்தது, அவன் நினைத்த இடத்தில் இல்லை. வழுவழுப்பான ஒரு கை அவன் மணிக்கட்டைத் தடவிப் பிடித்தது, பிடியில் பலமே இல்லை, குழந்தை பிடிக்கிற பிடி, இன்னொரு கை செம்பை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டது. கனத்தது. இவ்வளவு கனத்தையா இத்தனை நாள் தலைக்கு மேல் தூக்கினாள். வாளியைச் சத்தத்தை வைத்துத் தேடி, விளிம்பில் தட்டி, மொண்டு, தூக்கி ஊற்றினான். அது செவுரு என்றாள் அம்மா. மறுபடி மொண்டான். அது என் கால், இன்னும் மேல, இந்தப் பக்கம் என்றாள், எந்தப் பக்கம் என்று அவளுக்கும் தெரியாது, அவள் கை காற்றில் எதையோ காட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்க்க ஆளில்லை. ஒரு கையை முன்னால் நீட்டித் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு ஊற்றினால் சரியாக விழும். எட்டிப்போன அந்தக் கை தலைக்குப் பதில் வேறெங்காவது பட்டுவிட்டால். நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். இமைகளுக்குள் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள் நெளிந்தன. மொண்டு, மூச்சு நேரம் நிறுத்தி, இருட்டில் இவ்வளவு உயரம் இருக்கும் என்று தோன்றிய இடத்தில் செம்பைச் சரித்தான். தண்ணீர் எதன்மேலோ விழுந்து, அங்கிருந்து தரைக்கு விழுந்தது. முருகன் வருகிறானா என்று காது கொடுத்துக்கொண்டு நின்றான்.